முதலில் கழுத்து, கூடவே காகிதம்: டெல்டாவிலிருந்து ரக்பி ப்ராப் ஆக நினைப்பவர்களுக்கு

எனக்குப் பாபநாசம் பக்கம். பத்தொன்பது வயதில் 104 கிலோ, ஊர்க் கபடி அணியில் இடது மூலை. ஒரு நண்பன் ரக்பி மைதானத்துக்குக் கூட்டிப்போனான், அங்கே ப்ராப் என்று ஒரு இடம் இருப்பதைப் பார்த்ததும் இதுதான் நமக்கு என்று தோன்றிவிட்டது. அதன்பிறகு வந்த நான்கு வருஷத்தில் இரண்டு வருஷம் வீணாய்ப் போயின. ஒன்று என் கழுத்தினால், இன்னொன்று என் பெயரின் எழுத்தினால். இரண்டையும் தவிர்த்திருக்கலாம். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்போது சென்னையில் ஒரு க்ளப்புக்கு டைட்ஹெட்டாக ஆடுகிறேன், மாநில அணி முகாமுக்கும் போய் வந்தேன். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து தம்பிகள் போன் போட்டுக் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒன்றாகவே இருப்பதால் இங்கே வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இது என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ப்ராப் என்றால் முட்டு. வாழைத்தார் கனத்ததும் மரம் சாயாமல் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிறோமே, அதே வேலையை மனிதன் செய்கிறான். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் கோத்துக்கொண்டு தள்ளுவது. முன்வரிசையில் மூன்று பேர், நடுவில் பந்தைக் காலால் தன் பக்கம் இழுக்கிற ஹூக்கர், அவருக்கு இரண்டு பக்கமும் ப்ராப். 1ஆம் எண் சட்டை லூஸ்ஹெட், 3ஆம் எண் டைட்ஹெட். பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்கிற லைன்அவுட்டில், குதிக்கிறவரைத் தூக்கிப் பிடிப்பதும் பெரும்பாலும் நாம்தான்.

இது ஏன் தொழிலாக நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய ஆட்டங்களில் ஒரு அணிக்கு 23 பேர், அதில் மாற்று ஆட்டக்காரர்கள் 8 பேர். முன்வரிசை மூன்று இடத்துக்கும் பயிற்சி பெற்ற மாற்று ஆள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தள்ளாத ஸ்க்ரம் என்று நடுவர் அறிவித்துவிடுவார். ஆக 23 பேரில் 4 பேர் ப்ராப். 80 நிமிஷ ஆட்டத்தில் பெரும்பாலும் 50, 60 நிமிஷத்தில் ப்ராப்பை மாற்றிவிடுவார்கள் என்பதால் இரண்டாவது ஆளுக்கும் உண்மையான வேலை இருக்கிறது. வயதும் நமக்குச் சாதகம். ஓடுகிற ஆட்டக்காரர்கள் உச்சத்துக்கு வந்துவிடுகிற வயதில் ப்ராப் அப்போதுதான் வேலை கற்றுக்கொண்டிருப்பார், இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுசாக முற்றுவார்.

இப்போது கசப்பான பாதி. இந்தியாவில் பணம் இருப்பது எழுவர் ரக்பியில். 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி ப்ரீமியர் லீக் நடந்தது, ஆறு அணிகள், சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்தது, நமக்கெல்லாம் பெரிய சந்தோஷம். ஆனால் அது ஏழு பேர் ஆட்டம். அதிலும் ப்ராப் உண்டு, ஸ்க்ரம் மூன்று பேருக்கு மூன்று பேர்தான், அந்த ப்ராப் மைதானம் முழுக்க ஓட வேண்டும். 115 கிலோவை வைத்துக்கொண்டு அங்கே இடம் கிடைக்காது. ஆகவே முதல் மூன்று வருஷம் உடம்பை 95, 100 கிலோவில் ஓடுகிற உடம்பாக வைத்துக்கொண்டு இரண்டு ஆட்டத்தையும் ஆடுங்கள். எடை ஏற்றுவது பிறகு ஒரு வருஷ வேலை, ஓட்டத்தை மீட்பது அதைவிடக் கஷ்டம்.

2. எந்தப் பக்கம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்

லூஸ்ஹெட்டுக்குத் தலையின் ஒரு பக்கம் வெளியே சும்மா இருக்கும். டைட்ஹெட்டின் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே போய் மாட்டும், இரண்டு பேரின் பாரமும் அவர் மேல்தான். நல்ல டைட்ஹெட் எந்த நாட்டிலும் சுலபத்தில் கிடைப்பதில்லை, அதனாலேயே அந்த இடத்துக்கு மதிப்பு. புதிதாக வருபவரை லூஸ்ஹெட்டில் தொடங்கச் சொல்லுங்கள், ஒரு வருஷம் கழித்து மாறலாம். முடிந்தால் இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள், வெளியூர்ப் போட்டிக்கு ஆள் குறைத்துக் கூட்டிப்போகும்போது இரண்டு பக்கமும் நிற்கத் தெரிந்தவன் பெயர்தான் முதலில் வரும்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவில் சாமி தூக்குகிற சீர்பாதம் தாங்கிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் தோளைத் தாழ்த்தினால் பல்லக்கே சாயும், அதனால் பலசாலிகூடத் தனியாக வேகம் காட்ட மாட்டார். ஸ்க்ரமில் கோத்துக்கொள்வது அப்படித்தான். நான் மூன்று வருஷம் சாமி தூக்கியவன், அது எனக்கு உண்மையிலேயே உதவியது.

3. ஆறு மாதத்துக்குப் போட்டியில் எதிராளியோடு ஸ்க்ரம் கிடையாது

இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்.

நான் மைதானத்துக்குப் போன முதல் வாரமே ஒரு போட்டியில் ஆள் குறைகிறது என்று என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். கபடி ஆடியவன்தானே, உடம்பு இருக்கிறதே என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இரண்டாவது ஸ்க்ரம் சரிந்தது. தலை கீழே, மேலே மூன்று பேர். இடது கை விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது, எட்டு மாதம் தலையணை இல்லாமல் படுத்தேன், ஒரு சீசன் முழுசாகப் போயிற்று. எனக்கு நல்ல காலம், நரம்பு மீண்டது. எல்லோருக்கும் மீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

முன்வரிசையில் நிற்பவர் அதற்குத் தகுந்த பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது விதியே. "எனக்கு முன்வரிசைப் பயிற்சி இல்லை" என்று நடுவரிடம் நீங்களே சொல்லலாம், சொன்னால் தள்ளாத ஸ்க்ரம் வைப்பார்கள். அணிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. பெற்றோர் கேட்டால் இதைச் சொல்லுங்கள், பயம் கொஞ்சம் குறையும்.

முதல் ஆறு மாதம் செய்ய வேண்டியது: கையை நெற்றியில் வைத்துத் தலையை அசையவிடாமல் எதிர்த்துத் தள்ளுவது, பத்து விநாடி, அப்புறம் பின்பக்கம், வலது, இடது. தினமும். அதோடு ஸ்குவாட், டெட்லிஃப்ட், முதுகுக்கு இழுக்கும் பயிற்சிகள். ஸ்க்ரம் நிலையை முதலில் தனியாக, பிறகு ஒருவருக்கு எதிராக ஒருவர், பிறகு மூன்று பேர், அப்புறம்தான் எட்டு. நடுவர் "க்ரவுச், பைண்ட், செட்" (குனி, பிடி, சேர்) என்று மூன்று சொல் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் உடம்பு எங்கே இருக்க வேண்டும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். முதுகு நேராக, தோள் இடுப்பைவிடக் கீழே போகாமல், முகவாய் நெஞ்சில் ஒட்டாமல், கண் முன்னால் பார்த்தபடி. முகவாயை நெஞ்சில் ஒட்டினால் கழுத்து வளைந்த நிலையில் அடி வாங்கும், என் தவறு அதுதான்.

கபடியிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. பாய்ந்து பிடிக்கும்போது தலை எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதில்லை. ரக்பி டேக்கிளில், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்தும்போது, தலை எதிராளிக்குக் குறுக்கே முன்னால் போகக்கூடாது, அவர் உடம்புக்குப் பின்பக்கமாக ஒதுங்க வேண்டும். இந்தப் பழக்கத்தை மாற்ற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் இணையதளத்தில் 'ரக்பி ரெடி' என்ற பயிற்சியும் தலையடி பற்றிய பயிற்சியும் இலவசமாக இருக்கின்றன. முடித்ததும் வருகிற சான்றிதழை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

4. ஊரில் பயிற்சி: எங்கே, எப்போது

க்ளப் சென்னையில் இருந்தாலும் உடம்பை ஊரிலேயே செய்ய முடியும். நல்ல இடம் ஆற்று மணல். ஆனால் மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுகிற வழக்கப்படி பார்த்தால் மணல் நமக்குக் கிடைப்பது மாசி முதல் வைகாசி வரைதான். அந்த நான்கு மாதத்தில் மணலில் தள்ளுகிற பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள், பழைய ட்ராக்டர் டயரில் கயிறு கட்டி இழுப்பது, கவிழ்ப்பது, இரண்டு பேர் தோளோடு தோள் வைத்துத் தள்ளுவது. வயலை நம்பாதீர்கள். சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுவார்கள், அது எடுக்கப்படும்வரை கால் வைக்க முடியாது, எடுத்த பிறகு வெடிப்பில் கணுக்கால் போய்விடும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பள்ளி மைதானமும் ஜிம்மும். தஞ்சாவூரில் இருப்பவர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டு அரங்கம் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். 40 கிலோ சிப்பத்தைத் தலையில் ஏற்றுவது வேறு, கழுத்தை அழுத்தித் தேய்க்கிற வேலை அது. வருமானத்துக்காகச் செய்கிறவர்கள் தலையில் வைக்காமல் தோளில் வையுங்கள், இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றி.

5. க்ளப்பில் சேர்வது

மாநிலச் சங்கத்தோடு இணைந்த க்ளப்பா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு சேருங்கள். மாநிலத்தில் தமிழ்நாடு ரக்பி கால்பந்துச் சங்கம், தேசிய அளவில் ரக்பி இந்தியா. உங்கள் பதிவு க்ளப் வழியாக அந்த வரிசையில் போக வேண்டும். பதிவுக் கட்டணம் எவ்வளவு என்றாலும் ரசீது வாங்குங்கள். சேரும் முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசைக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கிற ஆள் இருக்கிறாரா, ஒருவன் தலையில் அடிபட்டால் வெளியே எடுக்கிறார்களா, இல்லை தண்ணீர் தெளித்துத் திரும்ப அனுப்புகிறார்களா? தண்ணீர் தெளித்து அனுப்புகிற இடம் என்றால் வேறு க்ளப் பாருங்கள்.

நான் க்ளப்பில் சேர்ந்த முதல் வருஷம் மாதம் இரண்டு வாரக் கடைசி போய்வந்தேன். வெள்ளி இரவு தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பினால் திங்கள் காலை கல்லூரிக்குப் போய்விடலாம். ஸ்லீப்பர் ஒரு வழி சுமார் 250 ரூபாய். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் பயிற்சியை விட்டுவிடலாம்.

6. காகிதங்கள்

வீணாய்ப் போன இரண்டில் இன்னொரு வருஷத்தைத் தின்றது இது. ஆதாரில் என் பெயர் ஒரு மாதிரி, இனிஷியல் கடைசியில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பெயரோடு 'குமார்' சேர்ந்து. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, "ஆண் குழந்தை" என்று மட்டும். கொழும்பில் ஒரு பயிற்சி முகாமுக்கு என்னைத் தேர்வு செய்து, இருபது நாளில் பாஸ்போர்ட் எண் கேட்டார்கள். கொடுக்க முடியவில்லை. எனக்குப் பதிலாகப் போனவன் அதே வருஷம் மாநில அணிக்குள் வந்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தலையாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதன்படி கொண்டுவாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், பெயரை இரண்டு முறை. அதனால் கணினி மையத்தில் தட்டச்சு செய்பவர் "சரியா இருக்கு அண்ணே" என்று சொன்னாலும் நீங்களே திரையில் படித்துவிட்டு விரல் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையென்றால் பிறந்து 15 வருஷத்துக்குள் சேர்ப்பது சுலபம், தாண்டினால் அலைச்சல். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுடையதையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வயதுப் பிரிவுப் போட்டிகளில் முதலில் கேட்பது இதைத்தான்.

பாஸ்போர்ட்டைத் தேர்வு வந்த பிறகு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். 36 பக்கப் புத்தகம் 1500 ரூபாய், தட்கல் என்றால் இன்னொரு 2000. திருச்சிப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கு வருகிற நாளில் வீட்டில் இருங்கள், சென்னையில் தங்கிப் பயிற்சி செய்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள், ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் கோப்பு நின்றுவிடும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதுவதா, காலியாக விடுவதா என்பதை ஒரு முறை முடிவு செய்துவிட்டால் பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்டாக வரும், வளைகுடா நாடுகளுக்கு வேலையாகப் போக நேர்ந்தால் அது பயன்படும்.

மற்றபடி கோப்பில் இருக்க வேண்டியவை: அரசு மருத்துவரின் உடல் தகுதிச் சான்று (ஆறு மாதத்துக்கு மேல் பழசு என்றால் பல இடத்தில் ஏற்பதில்லை), இசிஜி, இரத்த வகை, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம், எட்டு பாஸ்போர்ட் அளவுப் படம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

7. முதல் வருஷச் செலவு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் ஏறலாம். பூட்ஸ் 3500 ரூபாய், 11ஆம் அளவுக்கு மேல் கடையில் கிடைப்பது அரிது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மவுத்கார்டு வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கிற வகை 500, பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்தது 2000. முதலில் மலிவானது போதும், பல் பொருந்தவில்லை என்றால் அதை வைத்து ஓட்டாதீர்கள். காது மடல் வீங்கிச் சுருண்டு போகாமல் இருக்கத் தலைக்கவசத் துணி 1800. பந்து 1200. ரயில் செலவு வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், சென்னையில் தங்க நண்பன் அறை. ஜிம் மாதம் 700. சாப்பாடு தனி.

8. சாப்பாடு, ஊசி, பவுடர்

ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1.6 கிராம் புரதம் என்று கணக்கு வையுங்கள். 100 கிலோ ஆளுக்கு 160 கிராம். முட்டைக்கு 6 கிராம், நூறு கிராம் உளுந்திலும் வேர்க்கடலையிலும் ஏறக்குறைய 25. உளுந்தங்களி, மீன், தயிர், கடலை, முட்டை என்று டெல்டாவில் இருப்பதை வைத்தே வந்துவிடும். சோற்றைக் குறைக்கத் தேவையில்லை, சோறு மட்டுமே சாப்பிடுவதைத்தான் குறைக்க வேண்டும்.

உடம்பு ஏற்றுகிற பவுடர், லேகியம் எதையும் ஜிம்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். லேபிளில் எழுதாத ஸ்டீராய்டு அதில் இருந்தால் மாட்டுவது நீங்கள். வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்ததாக முடிவானால் நான்கு வருஷத் தடை, தெரியாமல் சாப்பிட்டேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தடை மருந்து இல்லை என்று சோதித்ததற்கான 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரையோடு, தொகுதி (பேட்ச்) எண் பார்த்து வாங்குங்கள், டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி நம் ஊர் ஊசி. முட்டி வீங்கினால், காய்ச்சல் வந்தால் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்பது நம் பழக்கம். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற, வீக்கம் குறைக்கிற ஸ்டீராய்டு மருந்து இருக்கலாம், 2022 முதல் அந்த வகை எதையும் ஊசியாகப் போட்டுக்கொண்டு போட்டியில் ஆடத் தடை. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎஃபெட்ரினும் போட்டி நாளில் அளவு மீறினால் தவறு. "நான் விளையாட்டு வீரன், சோதனை இருக்கிறது" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அவசியமான மருந்து என்றால் ஊக்கமருந்துத் தடுப்புக்கான தேசிய அமைப்பான 'நாடா'விடம் சிகிச்சை விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதிதாக நடைமுறைக்கு வரும்.

9. சம்பளம் எங்கிருந்து வரும்

ஒன்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. 2020இல் மத்திய அரசின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரக்பியையும் சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, எந்தப் போட்டி, எந்தப் பதக்கம் என்பதை அறிவிப்பில் வரி வரியாகப் படியுங்கள். ராணுவ அணிகள் தேசியப் போட்டிகளில் தொடர்ந்து ஆடுகின்றன, உயரமும் வயதும் பொருந்துகிறவர்கள் அந்த வழியையும் பாருங்கள். மத்திய அரசு வேலைக்குச் சான்றிதழ் அரசு வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும்: நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்கு 3, பள்ளிக்கு 4. வண்ணச் சான்றிதழும் கேடயமும் அங்கே செல்லாது. போட்டி முடிந்த ஒரு மாதத்துக்குள் சங்கச் செயலரிடம் கையெழுத்து வாங்குங்கள், பொறுப்பில் ஆள் மாறிவிட்டால் பழைய போட்டிக்குக் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள். "தேசிய சாம்பியன்ஷிப்" என்று பெயர் வைத்து ஆளுக்கு ஐந்தாயிரம், ஆறாயிரம் வாங்குகிற போட்டிகள் நடக்கின்றன, நானும் ஒன்றுக்குக் கட்டிப் போனேன். தங்கப் பதக்கம் கிடைத்தது, எந்த அலுவலகமும் அதை ஏற்கவில்லை. ரக்பி இந்தியாவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

இரண்டு, மேலே சொன்ன எழுவர் லீக். 

மூன்று, வெளிநாடு. பதினைவர் ப்ராப்புக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்கிற இடங்கள் பிரான்ஸின் டாப் 14, இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப், ஜப்பானின் லீக் ஒன் மாதிரி சிலதான். அங்கே ப்ராப்கள் 110லிருந்து 125 கிலோ வரை, பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்தே ஸ்க்ரம் பழகியவர்கள். பிரான்ஸில் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு ஒதுக்கீடு, ஜப்பானில் வெளிநாட்டவருக்கு வரம்பு, பிரிட்டன் விசாவுக்கு அந்நாட்டு ரக்பி அமைப்பின் ஒப்புதல். இந்திய அணிக்கு ஆடாமல் அந்தக் கதவு திறப்பது மிகவும் கடினம் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். எங்கே போனாலும் ரக்பி இந்தியாவிடமிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் அங்கே பதிவு செய்ய முடியாது. சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு ஆடாதீர்கள். "ட்ரையல்ஸ் வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு" என்று கேட்கிற ஏஜெண்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

10. கையெழுத்துப் போடும் முன்

எந்த ஒப்பந்தமானாலும் மூன்று கேள்வி. அடிபட்டால் அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பார்கள், ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் இரண்டு நாள் நேரம் கேட்டு ஊரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், நேரம் தர மறுக்கிற இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள், 5 லட்சம் வரை உண்டு. முட்டி, தோள் சிகிச்சையில் எது அதில் வரும் என்பதை மருத்துவமனையில் இருக்கிற காப்பீட்டு மேசையில், சிகிச்சைக்குச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் அடி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை பயிற்சியும் இல்லை. அந்தச் சீட்டின் நகலை எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு, தேதியைக் கோச்சுக்கும் வீட்டுக்கும் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.